ரஸ்தாளிக் கன்றோடு வந்த மண்

போன வாரம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாணம். என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி மகனுக்கு. மண்டப வாசலில் வழக்கம்போலக் குலையோடு இரண்டு வாழை மரங்களைக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் பன்னீர், சந்தனம், கல்கண்டு என்று உள்ளே போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் வலப்பக்கத்து மரத்தடியில் நின்றுவிட்டேன். வெட்டிய தண்டின் அடி வெளியே தெரிந்தது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாகக் கோடு. பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குனிந்து முகர்ந்து பார்த்தேன். "வீடியோ எடுத்துட்டிருக்காங்க, உள்ள வா" என்று கணவர் பல்லைக் கடித்தார். வாசல் வாழையை மோந்து பார்க்கும் இந்த அம்மாள் யார் என்று மணமகள் வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். கேட்கட்டும்.

அந்த வாடையை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அழுகிய நாற்றமென்றும் சொல்ல முடியாது. பச்சைத் தண்டின் ஈர வாசனைக்குள் லேசாக ஒரு மீன் கவிச்சி. மூக்கில் ஏறியதும் எனக்கு மண்டபமும் மேளமும் மறந்துபோயின. பந்தியில் உட்கார்ந்த பிறகும் பாயசத்தில் அதே வாடை வந்தது என்றால் நம்புவீர்களா? பாயசத்தின் மேல் தப்பில்லை. என் மூக்குதான் அப்படி. அதை வைத்துத்தான் ஒரு காலத்தில் சோறு தின்றேன்.

விவசாயத்தில் பட்டயப் படிப்பை முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை பூந்தமல்லியில், ஷாஜகான் பாயின் உரக்கடையில். கடைக்குள் யூரியாவும் கந்தகத் தூளும் பூச்சிமருந்தும் கலந்து ஒரு நெடி. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். பாய் கடைவாசலில் எனக்கென்று ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தார். நோய் வந்த செடியை யார் கொண்டுவந்தாலும் முதலில் என்னிடம் காட்ட வேண்டும், நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் மருந்து. இது அந்தக் காலத்துக் கடைகளில் நடக்காத காரியம். மருந்தை விற்றுவிட்டுப் போகாமல் இதென்ன வேலை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பாய் அசையவில்லை. "நோவு தெரியாம மருந்து குடுத்தா அது அல்லாவுக்கே அடுக்காதும்மா" என்பார்.

இப்படியாக நான் இலை டாக்டர் ஆனேன். பிளாஸ்டிக் பையில், செய்தித்தாளில், முந்தானையில், சாப்பாட்டுத் தூக்கில்கூட நோயாளிகள் வருவார்கள். ஐயப்பன்தாங்கல் பக்கம் கீரை போட்டிருந்த எட்டியப்பன் என்பவர் வாரத்துக்கு இரண்டு முறை வருவார். தண்டுக்கீரை இலையைக் கவிழ்த்துக் காட்டி, "இன்னாம்மா இது, அடியில வெள்ளை வெள்ளையா பொரிஞ்சிகினு கீது" என்பார். வெண்துரு. நெருக்கமாக விதைத்து, சாயங்காலம் தண்ணீர் விட்டு, ராத்திரி முழுக்க இலையை ஈரமாக வைத்திருந்தால் வராமல் என்ன செய்யும்? காலையில் தண்ணீர் விடுங்கள் என்று சொல்வேன். காலையில் கீரை பிடுங்கி மார்க்கெட்டுக்குப் போகவே நேரம் இல்லை என்பார். மறுபடியும் வருவார். இந்த வெண்துருவால் எங்களுக்குள் ஒரு சிநேகமே உண்டாகிவிட்டது.

பூஞ்சைகளுக்குக் கெட்ட பெயர் அதிகம். என் அனுபவத்தில் அவை தாமாக வந்து கதவை உடைப்பதில்லை. நாம்தான் திறந்து வைக்கிறோம். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று வயிற்றெரிச்சலில் இன்னும் ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டினால், மார்கழிப் பனியில் நெல்லுக்குக் குலைநோய் வரும். இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி விழுந்து, கதிர்க் கழுத்து கறுத்து ஒடியும். கனகாம்பரம் திடீரென்று வாடினால் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத புழு குத்திய ஓட்டை வழியாகப் பூஞ்சை உள்ளே போயிருக்கும். நிலக்கடலை இலையில் அம்மை வார்த்தது மாதிரி கறுப்புப் புள்ளி விழுந்தால், போன வருஷத்துக் காய்ந்த செடியை அந்த நிலத்திலேயே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஈரம், நெருக்கம், அளவுக்கு மீறிய ஊட்டம். பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லலாம். ஆனால் எனக்குப் பட்டயம் கொடுத்தது பயிர்களுக்கு மட்டும்தான்.

ஒருமுறை செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்து விவசாயி ஒருவர் நெற்கதிர்களைத் தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் இட்டு எடுத்துவந்தார். நெல்மணி இருக்க வேண்டிய இடங்களில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். "லட்சுமி வந்துட்டாம்மா" என்று பாய்க்கும் எனக்கும் மிட்டாய் கொடுத்தார். அது நெற்பழம் என்ற நோய். ஆனால் நல்ல மழையும் நல்ல விளைச்சலும் உள்ள வருஷத்தில்தான் அது அதிகம் வரும் என்பதால், பழைய ஆட்கள் அதை லட்சுமி என்றே கொண்டாடினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் மிட்டாயை என் கையில் திணித்துவிட்டார். தின்றேன். கையில் ஒட்டிய மஞ்சள் தூள் பிறகு பச்சையாக மாறியது. அதுதான் அதன் வித்து என்று அவரிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, அடுத்த பட்டத்துக்கு விதையை உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உப்புத் தண்ணீர் என்றதும் எனக்கு எங்கள் குடியிருப்பின் பின்வாசல் குழாய் ஞாபகம் வருகிறது. அந்தத் தண்ணீரும் அப்படித்தான், பருப்பு வேகாது. நாங்கள் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பில் இருந்தோம். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி மஞ்சள் சுவர், ஒரே மாதிரி பச்சைக் கதவு. பக்கத்து வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே வேறொரு அம்மா சமைப்பதைப் பார்த்து வெட்கிப்போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. முன்பக்கம்தான் இப்படி. பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்தால் அது எந்த ஊர்க்காரர் வீடு என்று சொல்லிவிடலாம். சேலத்துக்காரர் வீட்டில் மரவள்ளி. நாகர்கோயில்காரர் வீட்டில் சேம்பும் நல்லமிளகும். ஊட்டியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஆவடி வெயிலில் கேரட் போட்டுப் பார்த்தது. வந்ததென்னவோ முள்ளங்கி வால் மாதிரி ஏதோ. அதையும் எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஒரு செடியோ கன்றோ கொண்டுவர வேண்டும். வேரில் ஒட்டிய ஊர் மண்ணைக் கழுவக்கூடாது. ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். கூடவே ஒரு பையில் தனியாகவும் மண் வரும். அந்த மண்ணில் அக்கம்பக்கத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் ஒரு பிடி போட வேண்டும். என் அப்பா குடியாத்தத்திலிருந்து கொண்டுவந்த செம்மண்ணை, என் அம்மா கரிசனமே இல்லாமல் பாத்திரம் தேய்க்க எடுத்துவிட்டார் என்பதற்காக அப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பெரிய பெரிய இயந்திரங்களுக்கு முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த ஆண்கள், சாயங்காலம் அந்த மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு அப்போது அது சிரிப்பாக இருக்கும்.

அடுத்த வீட்டுப் பழனிவேல் மாமா குளித்தலைக்காரர். காவிரிக்கரை. அவர் கொண்டுவந்தது ரஸ்தாளி. மாமாவுக்குச் சத்தமாகப் பேசத் தெரியாது, கோபப்படத் தெரியாது, ஒரு கடைக்குப் போய்ப் பேரம் பேசத் தெரியாது. வாழை மட்டும் தெரியும். கன்று நட்டு முதல் குலை வெட்டிய அன்றைக்குச் சீப்பு சீப்பாக அறுத்து வரிசை முழுக்கக் கொடுத்தார். தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. ஒரு வீட்டில் உரித்தால் அடுத்த வீட்டில் மணக்கும். ராசாமணி அத்தை, அவர் மனைவி, எனக்கென்று நடுச்சீப்பிலிருந்து இரண்டு பழம் எடுத்துவைப்பார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ இடத்தில் ரஸ்தாளி தின்றிருக்கிறேன். எல்லாமே ஏதோ ஒரு பழமாகத்தான் இருக்கிறது.

மறு வருஷம் பக்கக் கன்றுகள் வெடித்தன. மாமா தாய்மரத்தடியில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மண்ணோடு தோண்டி வீட்டுக்கொன்று கொடுத்தார். எங்கள் வரிசையே வாழைத்தோப்பு மாதிரி ஆனது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊரிலிருந்து மண் கொண்டுவந்து எல்லா வீட்டு வாழைக்கும் ஒரு பிடி போட்டுவிட்டுப் போவார். அத்தை இதற்காக மாமாவை நிறையக் கேலி செய்வார். துணிமணி கொண்டுவர வேண்டிய பெட்டியில் தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே என்பார். ஆனால் அந்தப் பையை ரயிலில் தன் காலடியிலேயே வைத்துக்கொள்வதும் அத்தைதான்.

நான் பாய் கடையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுப் பின்பக்கம் துணி காயப்போடப் போனபோது பார்த்தேன். மரங்களின் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியது மாதிரி தொங்கின. தண்டின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு. ஒரு மரத்தை வெட்டிப் பார்க்கலாமா என்று மாமாவைக் கேட்டேன். அவரே அரிவாளால் வெட்டினார். உள்ளே செம்பழுப்பு வட்டங்கள். வாடல் நோய். வேர் வழியாக ஏறி, நீர் போகிற பாதையை அடைத்துவிடும் பூஞ்சை. மரம் தண்ணீரில் நின்றாலும் தாகத்தில் சாகும். வந்த மரத்துக்கு மருந்தில்லை. ரஸ்தாளிக்கு அதன் மேல் எந்த எதிர்ப்பும் கிடையாது, பூவன் தாங்கும், இது தாங்காது.

அதற்குள் வரிசையில் மற்ற வீடுகளிலும் மஞ்சளடிக்க ஆரம்பித்திருந்தது. கண் பட்டுவிட்டது என்றார்கள். சாக்கடை நீர் இறங்கிவிட்டது என்றார்கள். தொழிற்சாலைப் புகை என்று சேலத்துக்காரர் அடித்துச் சொன்னார். மாமா யாரிடமும் வாதாடவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு பாப்பா?"

"மண்ணுலேர்ந்து மாமா. கன்னோட வந்த மண்ணுல இருந்திருக்கும்."

"நாங் கொண்டாந்த மண்ணுலயா?"

"ஆமா மாமா."

அவர் கேட்டார், சொன்னேன். நோயைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு அன்றைக்கும் வராது, இன்றைக்கும் வராது. இது அவர் குற்றமில்லை, எந்த ஊர் மண்ணிலும் இருக்கக்கூடியது, நிறைய நல்ல தோப்புகளே இப்படிப் போயிருக்கின்றன என்றெல்லாம் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனேன். மாமா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மற்ற வீடுகளுக்கு இனிமேலும் போகாமலிருக்க என்ன செய்யணும் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வார விடுமுறை நாளில் அவர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியம்தான் சொன்னார் என்று அம்மா சொன்னார்: "எங்க ஊர்லேர்ந்து வந்த சீக்குங்க, மன்னிச்சுக்கங்க." வரிசையில் யாருமே அவரைக் குறை சொல்லவில்லை. நாகர்கோயில் அம்மா, இதுக்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா என்று காப்பி போட்டுக் கொடுத்தார். மாமா குடித்துவிட்டு, அவர்கள் வீட்டு வாழையையும் கிழங்கோடு தோண்டி எடுத்தார். குழியில் சுண்ணாம்பு போட்டார். பச்சை வாழை லேசில் எரியாது. சின்னச் சின்னதாக நறுக்கி, மைதானத்தின் ஓரத்தில் காயவைத்து, தென்னை மட்டையோடு சேர்த்து எரித்தார். வரிசைப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். குலை தள்ளியிருந்த மரங்களும் அதில் இருந்தன.

தன் வீட்டில் மட்டும் ஒரு தூரை விட்டுவைத்தார். அது இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. "இது ஒண்ணு இருக்கட்டும் பாப்பா. யாருக்கும் குடுக்கமாட்டேன்" என்றார். நான் சரி என்றேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போன மாமா கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தார். செடியும் இல்லை, மண்ணும் இல்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவருவதை விட்டுவிட்டார்கள். யாரும் யாரையும் தடுக்கவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே நின்றுபோயிற்று.

அதற்கு மறு வருஷம் மாமாவுக்கு வயிற்றில் வலி வந்தது. வாய்வு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், ஆபரேஷன் என்றார்கள், சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் மாமா போய்விட்டார். ஐம்பது வயதுகூட முடியவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போனபோது எங்கள் வரிசை ஆண்கள் எல்லோரும் அழுததை நான் பார்த்தேன். அதற்கு முன் அவர்கள் அழுது பார்த்ததில்லை.

வேலையில் இருந்தவர் போனால் வீட்டையும் விட வேண்டும். கொஞ்ச காலம் தவணை தருவார்கள், அவ்வளவுதான். முத்தாபுதுப்பேட்டையில் மாமா வாங்கிப் போட்டிருந்த மனையில் இரண்டு அறை கட்டியிருந்தார்கள். பூச்சுகூட முடியாத அந்த வீட்டுக்கு அத்தை போக வேண்டியிருந்தது. மகன் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தான். சாமான் கட்டுகிற நாளில் அத்தை என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். மாமா விட்டுவைத்த அந்தத் தூரின் அடியில் ஒரு கன்று முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. தாய்மரத்தின் அடியிலையில் மஞ்சள் தட்டிவிட்டதை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்திருந்தார்.

"இந்தக் கன்ன மட்டும் எடுத்துட்டுப் போறேன் கண்ணு. என்ன பண்ணணும்னு சொல்லு, அப்படியே பண்றேன்."

நான் சொன்னேன். கன்றைப் பெயர்த்து, வேரில் இருக்கிற மண் ஒரு பொட்டுகூட இல்லாமல் கழுவ வேண்டும். வேரையும் கிழங்கின் மேல்தோலையும் சீவ வேண்டும். மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் ஆறப்போட வேண்டும். உள்ளே நோய் ஏறாமலிருந்தால் பிழைக்கும்.

"மண்ணையுமா கழுவணும்?" என்றார் அத்தை.

இரண்டு பேருக்கும் அது என்ன மண் என்று தெரியும். கன்றைப் பெயர்த்து, பாத்திரம் தேய்க்கும் பெரிய அலுமினிய டப்பில் வைத்து, குழாயடியில் உட்கார்ந்து அத்தை கழுவினார். தேய்க்கவில்லை, தண்ணீரை அள்ளி அள்ளி விட்டு விரலால் நீவினார். வேரிடுக்கில் இருந்ததை ஊக்கு வைத்து எடுத்தார். கறுத்த வண்டல் கரைந்து டப்பில் இறங்கிக்கொண்டே இருந்தது. அழுக்குத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் அப்படியே வைத்திருந்தார். கழுவி முடித்ததும் கிழங்கை என் மடியில் வைத்தார்.

நான் கத்தியால் சீவினேன். முதல் சீவலில் வெள்ளை. எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது சீவலில் ஒரு செம்பழுப்புப் புள்ளி. இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனால் தெளிந்துவிடும் என்று சீவினேன். புள்ளி கோடாயிற்று. இன்னும் சீவினேன். கோடு நடுவரைக்கும் போயிற்று. கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அத்தை கிழங்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போயிருச்சா?"

"ஆமா அத்தை."

அத்தை கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் சீவிய இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

"அவரையும் இப்படித்தான் கண்ணு, தெறந்து பாத்துட்டு மூடிட்டாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை அழவில்லை. எழுந்து, சாமானோடு சாமானாக வெளியே வைத்திருந்த சிமெண்ட் தொட்டியைக் காட்டினார். தரையில் நட்டால்தானே பரவும், இதில் நட்டால்? தொட்டியில் வைத்து, அடியில் தட்டு வைத்து, தண்ணீர் வெளியே ஓடாமல் பார்த்துக்கொண்டால் பரவாது என்றேன். ஆனால் குலை தள்ளாது, ஒரு வருஷமோ என்னவோ இருக்கும், பிறகு போய்விடும் என்றும் சொன்னேன். "பக்கத்து மனையில ஒரு புள்ள மொந்தன் வாழை வச்சிருக்குது. அதுக்குப் போயிறக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். பிறகு டப்பில் இருந்த மண் தண்ணீரைக் காட்டி, கன்றுக்குள்ளேயே சீக்கு வந்துவிட்ட பிறகு இந்த மண்ணை மட்டும் ஒதுக்கிவைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டார். டப்பை அசைக்காமல் தெளியவைத்து, மேல் தண்ணீரை மாமா சுண்ணாம்பு போட்டிருந்த குழியில் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைத் துணியில் கட்டிக்கொண்டார்.

அந்தக் கன்று முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மழைக்காலம் முழுக்க நன்றாக இருந்தது. நானும் விடுமுறையில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். புது இலை சுருள் விரிந்தால் அத்தை அதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டு விஷயத்தையே பேசுவார். அடுத்த கோடையில் அடியிலைகள் பாவாடை கட்டின. நான் சொல்லிக்கொடுத்தபடி அத்தையே நறுக்கிக் காயவைத்து எரித்தார். தொட்டி மண் மிஞ்சியது. அதில் கீரை போடலாம், தக்காளி வைக்கலாம், இந்தப் பூஞ்சை வாழையை மட்டும்தான் தொடும் என்றேன். அத்தை தலையாட்டிவிட்டு வேறொன்று கேட்டார்.

"வாழை இல்லேன்னா அது செத்துருமா?"

"சாகாது அத்தை. மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டே இருக்கும். ரொம்ப வருசம் இருக்கும்."

"உசிரோடயா?"

"உசிரோடதான்."

"அப்ப இருக்கட்டும்" என்றார் அத்தை.

தொட்டியில் அவர் எதையுமே நடவில்லை. தெருவில் போகிறவர்கள் குப்பை போடாமலிருக்க மேலே ஒரு தட்டு மூடிவைத்தார். காலையில் வாசல் தெளித்துவிட்டு, தட்டைத் திறந்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடுவார். எதற்கு இந்த வெறும் தொட்டி என்று கேட்டவர்களிடம், அதில் மாமா இருக்கிறார் என்று சொல்கிற ஆளில்லை அவர். மண்ணு இருக்குது என்பார். நான் கல்யாணமாகி, பாய் கடையை விட்டு, ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்த பிறகும் அந்தத் தொட்டி அங்கேயே இருந்தது. மாமாவின் கை பட்டதில் கடைசியாக உயிரோடு இருந்தது அவரைத் தலைகுனிய வைத்த அந்த நோய் ஒன்றுதான்.

இப்போது எங்கள் வரிசை வீடுகள் இல்லை. இடித்துவிட்டு முள்வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பாய் காலமான பிறகு அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எட்டியப்பன் கீரை போட்ட நிலத்தில் இருக்கிற அடுக்குமாடியில் என் தோழி ஒருத்தி ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறாள். லட்சுமி வந்த வயலுக்கு மேலே ரோடு போகிறது. யாரும் என்னிடம் இலை கொண்டுவருவதில்லை. நோய் இல்லாததால் அல்ல, பயிர் இல்லாததால்.

அத்தை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அப்போது நான் வெளியூரில் இருந்தேன், காரியத்துக்குத்தான் வர முடிந்தது. மகன் அந்த மனையைக் கட்டடக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவன் பாடு அவனுக்கு. கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள் மனசு கேட்காமல் முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். வீடு தரைமட்டமாகியிருந்தது. அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் அள்ளும் வண்டியை ஓட்டுகிறவர், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கிவந்தார். வாசலோரம் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்ததே என்று கேட்டேன்.

"அதுவா, அப்பவே ஒடைச்சி லாரில ஏத்தினு பூட்டாங்கக்கா. எங்கனா பள்ளம் ரொப்பியிருப்பாங்க" என்றார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எந்தப் பள்ளம், யார் வீட்டுக்கடியில் என்று அவருக்கும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள எதுனா வெச்சினு இருந்தாங்களாக்கா?"

"இல்லப்பா, மண்ணுதான்" என்றேன்.